டாக்டர் முன்னால் பேசிய சந்தைப் பேச்சு

மூன்று வருடங்களுக்கு முன்பு, புதுச்சேரியில் பாகூர் பக்கம் எங்கள் கிராமத்தில் நடந்தது இது. சம்பா நடவு முடிந்து, வாய்க்காலில் ஏரித் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்த கார்த்திகை மாதம். இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதினால் என் மானம்தான் போகும். ஒரு வாயில்லா ஜீவனே போய்விட்டது, என் மானம் போனால் என்ன என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் இருபத்தைந்து வருடம் மதகடிப்பட்டு மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவன். இப்போது வீட்டில் நான்கு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். ஆனாலும் செவ்வாய்க்கிழமை விடிந்தால் கால் தானாகச் சந்தைக்குக் கிளம்பிவிடும். சந்தையில் மாடு விற்கிறவன் எவனும் உள்ளதை உள்ளபடி சொல்ல மாட்டான். முந்தின நாள் சாயங்காலம் பால் கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டுவோம். குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, வயசைக் குறைத்துச் சொல்லுவோம். ஆறு லிட்டர் கறக்கிற மாடு எங்கள் வாயில் எட்டு லிட்டர் கறக்கும். வாங்க வருகிறவனுக்கும் இது தெரியும். அவன் மனசுக்குள்ளேயே இரண்டைக் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவான். அதனால் அதைப் பொய் என்றே நாங்கள் நினைத்ததில்லை. அதற்குப் பெயர் சந்தைப் பேச்சு, அவ்வளவுதான்.

ஊரில் எனக்கு 'பாதி டாக்டர்' என்று ஒரு பட்டமும் உண்டு. மாட்டுக்குக் காய்ச்சலா, கன்று போட்டு எழுந்திருக்க முடியவில்லையா, என்னைத்தான் கூப்பிடுவார்கள். பால் கேன் வைக்கிற அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் ஊசி, மருந்து எல்லாம் வைத்திருப்பேன். எந்த டாக்டர் எதற்கு எதைப் போட்டார் என்று பார்த்துப் பார்த்துப் படித்ததுதான் என் படிப்பு. கேட்டால் மீசையைத் தடவிக்கொள்வேன்.

மனைவி இறந்த பிறகு வீட்டில் நானும் என் மகளும்தான். அவள் பிள்ளையார்குப்பத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு நாள் ட்யூட்டி முடிந்து வரும்போது ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் ஒரு நாய்க்குட்டியை உட்கார வைத்துக் கூட்டிவந்தாள். பஸ் ஸ்டாப்பில் அடிபட்டுக் கிடந்ததாம். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நாயா என்று குதித்தேன். ஒரு வாரத்தில் அது நொண்டி நொண்டி என் பின்னாலேயே வர ஆரம்பித்தது. மகள் அதற்கு ஏதோ ஸ்டைலாக ஒரு பெயர் வைத்தாள். என் வாயில் அது நுழையவில்லை. நான் 'டேய்' என்பேன், ஓடி வரும். கடைசியில் அவளுக்கும் அது 'டேய்' ஆகிவிட்டது. தினமும் காலையில் பால் ஊற்றப் போகும்போது என் மொபெட்டில் இரண்டு கேனுக்கும் நடுவில் நின்றுகொண்டு வருவான். சொசைட்டியில் எல்லோரும் "இன்னாபா, முதலாளி வந்துட்டாரா?" என்று அவனைத்தான் கேட்பார்கள். ஐந்து வருடம் இப்படியே போனது.

அந்தக் கார்த்திகையில் அவன் கழுத்தின் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் போலக் கட்டி வந்தது. உண்ணி கடித்திருக்கும் என்று பாதி டாக்டர் முடிவு செய்து, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினேன். பத்து நாள் போயிற்று. ஒரு நாள் மகள் அவன் கழுத்தைத் தடவியவள், தொடை இடுக்கையும் தடவிப் பார்த்தாள். அங்கேயும் கட்டி இருந்தது. "ப்பா, இது உண்ணி இல்லப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே அவள் ஸ்கூட்டி ஓட்ட, நான் பின்னால் நாயை மடியில் வைத்துக்கொண்டு, வில்லியனூர் தாண்டிப் பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பரிசோதித்தார்கள். ரத்த சம்பந்தமான கேன்சர் என்று சொன்னது ஒரு பெண் டாக்டர். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். நாய்க்குக் கூடவா கேன்சர் வரும் என்று நான் அசடு மாதிரி கேட்டேன்.

வழக்கமாகக் கொடுக்கிற மருந்துகள் இருக்கின்றன, அவை சில மாதம் நோயைத் தள்ளிப்போடும் என்றார். கூடவே, அங்கே ஒரு புது ஆராய்ச்சி நடப்பதையும் சொன்னார். நாயின் ரத்தத்தை எடுத்து, அதில் நோயோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து, லேபில் வைத்து வளர்த்துப் பெருக்கி, கேன்சரை அடையாளம் கண்டு அடிக்கப் பழக்கி, மறுபடியும் அதே நாயின் உடம்பில் ஏற்றுவார்களாம்.

"விதைய எடுத்துத் தனியா நாத்து விட்டு, அப்புறம் வயல்ல நடுற மாதிரிங்களா மேடம்?" என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான் ஐயா. இனிமே நானும் எல்லாருக்கும் இப்படியே சொல்றேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் எல்லா நாயையும் எடுக்க மாட்டார்களாம். நல்லபடியாகச் சாப்பிட்டு, நடந்து, ரத்தம் எடுத்தால் தாங்குகிற நாயாக இருக்க வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டி வாருங்கள், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார். எங்களைக் கேட்காமல் ஊசி, மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நான் படித்துப் பார்க்காமலே போட்டேன். இந்த டாக்டர்கள் எல்லோரும் சொல்கிறதுதானே, என் மாட்டுக்கும் இதைத்தானே சொல்லுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து டேய் சாப்பிடவில்லை. பால் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சனிக்கிழமை காலையில் மொபெட்டை ஸ்டார்ட் செய்தால் எழுந்திருக்கக்கூட இல்லை, வாலை மட்டும் ஒரு தட்டுத் தட்டினான். இந்த லட்சணத்தில் செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் நிறுத்தினால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களே. சந்தையில் படுத்துக் கிடக்கிற மாட்டை எவன் வாங்குவான்?

மகள் ட்யூட்டிக்குப் போனதும் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். தீனி எடுக்காமல் சோர்ந்து கிடக்கிற மாட்டுக்குப் போட்டால் மறுநாளே எழுந்து நிற்க வைக்கிற ஸ்டீராய்டு மருந்து அதில் இருந்தது. நாய்க்குத் தகுந்த மாதிரி கொஞ்சமாக எடுத்துப் போட்டேன். அவன் என் கையை நக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வந்து காக்காயைத் துரத்தினான். சட்டி நிறைய சோறு சாப்பிட்டான். கழுத்துக் கட்டிகூடப் பாதியாக அமுங்கியிருந்தது. மகள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். வில்லியனூர் மாதாவுக்கு அவள் வேண்டிக்கொண்டிருந்தாளாம். அன்றைக்கே போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். ஊசி போட்டதை நான் சொல்லவில்லை. சொன்னால் நர்ஸ் அம்மா திட்டுவாள் என்று மாதாவின் பெயரிலேயே விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவனை நன்றாகக் குளிப்பாட்டி, துடைத்து, சீப்பு போட்டு வாரினேன். பழக்க தோஷம். சந்தைக்கு மாட்டை ஜோடிக்கிற அதே கைதானே. நினைவு தெரிந்து ஒரு செவ்வாய்க்கிழமை நான் மதகடிப்பட்டுப் பக்கம் போகாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். முன்பு எழுதி வைத்திருந்த அளவைப் பார்த்தார். மறுபடியும் கழுத்தைத் தொட்டார்.

"போன வாரத்துக்கு இப்ப வீக்கம் நல்லா கொறஞ்சிருக்கே. ஐயா, ஸ்டீராய்டு ஏதாவது போட்டீங்களா? மெடிக்கல்ல வாங்குனது, மாட்டுக்குப் போடறது, எதுவா இருந்தாலும் பரவால்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஐயோ, இன்னா மேடம் நீங்க! ஒன்னுமே குடுக்கல. வூட்டுச் சோறுதான். ரெண்டு முட்டை சேத்துப் போட்டேன், வேற இன்னா?"

எட்டு லிட்டர் கறக்கும் என்று சொல்கிற அதே முகம், அதே குரல். துளி தடுமாற்றம் இல்லை. டாக்டர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரிங்க ஐயா" என்று ஃபைலில் எழுதிக்கொண்டார். சந்தைக்கு வருகிறவனைப் போல அவர் மனசுக்குள் இரண்டைக் கழித்துக்கொள்ளவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினார்.

டேயைத் தேர்ந்தெடுத்து, அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். திரும்பும் வழியில் அவனுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, ஜெயித்துவிட்டோம்டா என்று காதில் சொன்னேன். அதற்குப் பிறகும், அணுக்கள் வளர்ந்து வருகிற வரைக்கும் தெம்பு குறையக் கூடாது என்று, மகள் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு தடவை ஊசி போட்டேன்.

பதினைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், நான் பால் கறந்துகொண்டிருக்கும்போது மகளின் போனுக்கு டாக்டர் கூப்பிட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று அவள் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கே வந்து நின்றாள்.

"அணு பெருகவே இல்லம்மா. உடம்புல ஸ்டீராய்டு இருந்தா இப்படி ஆகும். நாம எந்த அணுவ வளக்கறமோ, அதையேதான் அந்த மருந்து அமுக்கும். அதனாலதான் மறுபடியும் கேக்கறேன். வீட்ல யாராவது போட்டிருக்க வாய்ப்பு இருக்கா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. மாடு திரும்பி என்னைப் பார்த்தது. நாற்று விட்டு வளர்க்கிறார்கள் என்று நான்தானே சொன்னேன்? அந்த நாற்றங்காலில் களைக்கொல்லியைத் தெளித்ததும் நான்தான் என்று அந்த நிமிடத்தில் தெளிவாகப் புரிந்துவிட்டது. அது வரைக்கும் செய்ததை அறியாமை என்று சொல்லலாம், மன்னிக்கலாம். இனிமேலும் மறைத்தால் அதற்கு மன்னிப்பு கிடையாது.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பேசிவிட்டாள். "எங்கப்பா அப்படியெல்லாம் பண்ண மாட்டாரு மேடம். நான் நர்ஸு. எனக்குத் தெரியாம எங்க வூட்ல ஒரு ஊசி போட முடியுமா? உங்க லேப்லதான் எதனா தப்பு நடந்திருக்கும். நாயிதானேன்னு அசால்ட்டா வுட்டுட்டீங்களா?"

"இருக்கலாம்மா. அதையும் பார்க்கறோம். வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க, இன்னொரு தடவை ரத்தம் எடுக்கலாம்" என்றார் டாக்டர்.

நான் தலையை மாட்டின் விலாவில் சாய்த்துக்கொண்டு மறுபடியும் கறக்க ஆரம்பித்தேன். எங்கப்பா பண்ண மாட்டாரு என்று அவள் சொன்ன பிறகு, நான்தாம்மா பண்ணேன் என்று எப்படிச் சொல்வது? இப்போது யோசித்தால், சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பாள், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள், அதோடு போயிருக்கும். அன்றைக்கு என் மூளை வேறு கணக்குப் போட்டது. இனி ஊசியை நிறுத்திவிட்டால் போகிறது, வியாழக்கிழமைக்குள் எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை போனோம். ஏதோ ஒரு தாளை ஜெராக்ஸ் எடுக்க மகள் வெளியே போனாள். அறையில் நானும் டாக்டரும் டேயும் மட்டும். டாக்டர் அவன் காதைச் சொறிந்து விட்டுக்கொண்டிருந்தார். மகள் அவரை அவ்வளவு பேசியிருந்தும் முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை. ஐந்து நிமிடம் இருக்கும். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் ஏதோ பிடித்துத் தள்ளியது. வாயைத் திறந்தேன்.

"டீ எதனா சாப்புடுறீங்களா மேடம்?" என்றேன்.

அவர் வேண்டாம் ஐயா என்று சிரித்தார். மகள் வந்துவிட்டாள். ரத்தம் எடுத்தார்கள்.

அந்த இரண்டாவது நாற்றும் முளைக்கவில்லை. அதற்குள் டேயின் நிலைமையும் கைமீறிவிட்டது. ஊசியை நிறுத்திய நாலாம் நாளே கட்டிகள் முன்பைவிடப் பெரிதாக வந்து, மூச்சு விடவே சிரமப்பட்டான். இனி ரத்தம் எடுத்தால் தாங்க மாட்டான், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் இடத்துக்கு வேறொரு நாய் காத்திருப்பதாகவும் சொன்னார். மகள் அவரிடம் நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து வந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, கொட்டகையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்தபடியே போய்விட்டான். அன்று காலையில் மொபெட் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினான். தூக்கி வைக்கட்டுமாடா என்று கேட்டேன். மறுபடியும் தலையைக் கீழே போட்டுக்கொண்டான். மகள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி, மொபெட்டில் அவன் நிற்க விரித்திருந்த சாக்கிலேயே சுற்றிப் புதைத்தோம்.

சாயங்காலம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த மகள், "அந்த லேப்காரங்க மட்டும் ஒழுங்கா பண்ணியிருந்தா இந்நேரம் நம்ம டேய் இருந்திருப்பான்பா" என்றாள். உம் என்றேன். அந்த உம் இருக்கிறதே, என் ஆயுசில் நான் சொன்ன எல்லாப் பொய்யையும்விடப் பெரிய பொய் அதுதான்.

நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். செவ்வாய்க்கிழமை சந்தைக்குக் கிளம்பியவன், வில்லியனூர் வந்ததும் மதகடிப்பட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டேன். டாக்டர் முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். முதல் ஊசி எப்போது, அடுத்தது எப்போது, எவ்வளவு, எல்லாம். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்கிற மனநிலையில்தான் போனேன்.

டாக்டர் அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. எழுந்து போய் டேயின் ஃபைலைத் தேடி எடுத்து வந்தார். நான் முட்டை கொடுத்தேன் என்று பெருமையடித்த நாளில் எழுதிய பக்கத்தைத் திறந்து, ஸ்டீராய்டு என்ற இடத்தில் 'இல்லை' என்றிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் நான் சொன்னதை எழுதி, அன்றைய தேதியைப் போட்டார்.

"இந்த சிகிச்சை இந்த மாதிரி நோய்க்கு வேலை செய்யாதோன்னு நாங்க எல்லாரும் யோசிச்சிட்டு இருந்தோம் ஐயா. ரெண்டு தடவை தோத்துப் போச்சே. இப்ப நீங்க வந்து சொன்னது அடுத்த நாய்க்கு உதவும்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா பொழச்சிருப்பானா மேடம்?"

"தெரியல. உறுதியா சொல்ல முடியாது. ஆனா நான் ஒரு மாசம் காத்திருந்து, மருந்து முழுசா போன பிறகு எடுத்திருப்பேன். அவனுக்கு ஒரு வாய்ப்பு கிடைச்சிருக்கும்." ஃபைலை மூடிவிட்டு, "உங்க பொண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். தன் பெயரில் விழுந்த பழியைத் துடைக்கச் சொல்லிக்கூட அவர் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மகள் ட்யூட்டி முடிந்து வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, அவளை நிற்க வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அலமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து வந்து என் முன்னால் திறந்து, ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் பெயரைப் படித்தாள். ஸ்டீராய்டு பாட்டில் வந்ததும் அதை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

"என்னாண்ட சொல்லியிருக்கலாமே ப்பா. நான் அந்த மேடத்த என்னா பேச்சு பேசிட்டேன்" என்றாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் நின்று டாக்டரிடம் மன்னிப்பு கேட்டுக்கொண்டு அவள் அழுதது எனக்குக் கேட்டது. நான் செய்ததற்கு அவள் மன்னிப்பு கேட்டாள்.

அதற்குப் பிறகு நான் யார் வீட்டு மாட்டுக்கும் ஊசி போடுவதில்லை. யாராவது நாயை, மாட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னால், கொடுத்த மருந்தை எல்லாம் மறைக்காமல் சொல்லுடா, டாக்டர் சந்தைக்கு வந்தவர் இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் பாதி டாக்டருக்கு ஞானம் வந்துவிட்டது என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மகள் என்னை வெறுக்கவில்லை. முன்பு போலவே பேசுகிறாள், சிரிக்கிறாள், சோறு போடுகிறாள். ஒன்றே ஒன்றுதான் மாறிவிட்டது. மாத்திரை போட்டியாப்பா என்று கேட்பாள். போட்டேன் என்பேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நெஜமாவா?" என்று கேட்பாள். மாட்டுக்குத் தண்ணி காட்டியதற்கும், மதியம் சாப்பிட்டதற்கும்கூட அந்த ஒரு கேள்வி உண்டு. அவளுக்கே தெரியாமல் வருகிற கேள்வி அது. எங்கப்பா அப்படிப் பண்ண மாட்டாரு என்று உலகத்தோடு சண்டை போட்ட பெண், இன்றைக்கு என் ஒவ்வொரு வார்த்தையிலும் இரண்டைக் கழித்துக்கொண்டுதான் கேட்கிறாள். நெஜம்தாம்மா என்று நான் பதில் சொல்லும் ஒவ்வொரு தடவையும், அந்த நெஜத்தை அன்றைக்கு அந்த டாக்டரின் மேசைக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.